உரத்த ஒலியும் தெளிந்த சொல்லும்



இராஜபாளையத்திற்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் இடையே ஏறத்தாழ 12 கிலோமீட்டர் தொலைவுதான். இரண்டு ஊர்களும் சங்கொலி கேட்டு விழித்தவை. ஸ்ரீவில்லிபுத்தூரில் விழித்தது கோயிற் சங்குக்கு. ஆண்டாள் அருளிய திருப்பாவையின் முப்பது பாசுரங்களில், தோழியரை எழுப்பும் பகுதி பெரிதும் செவிப்புலனுக்கு உரியது. பறவைகளின் ஒலி, வெண்சங்கின் ஒலி, தயிர் கடையும் ஒலி என்று ஒன்றன்பின் ஒன்றாகச் சொல்லி, 'இவையெல்லாம் உன் காதில் விழவில்லையா?' என்று உறங்குபவளைக் கேட்கிறாள் பாடுபவள். இராஜபாளையம் விழித்தது ஆலைச் சங்குக்கு. பி. ஏ. சி. இராமசாமி ராஜா அவர்கள் 1936-ஆம் ஆண்டு இராஜபாளையம் மில்ஸ் நிறுவனத்தைத் தொடங்கிய பின்னர், வேலைக்கு அழைக்கும் நீராவி ஊதலுக்கும் மக்கள் 'சங்கு' என்றே பெயரிட்டனர். மொழி தன் பழஞ்சொல்லைப் புதுப்பொருளுக்குத் தயங்காமல் ஈந்த இடங்களுள் இதுவும் ஒன்று.

இவ்விரு சங்குகளோடு மூன்றாவதாக வந்து சேர்ந்தது கூம்பு வடிவ ஒலிபெருக்கி. மக்கள் வழக்கில் அது 'குழாய்'. மார்கழி விடியலில் கோபுரத்திலும் வேப்பமரத்திலும் கட்டப்பட்ட குழாயிலிருந்து திருப்பாவை ஊர் எல்லைவரை ஒலித்தது. அரியக்குடி இராமானுஜ ஐயங்கார் பண்ணமைத்து, எம். எல். வசந்தகுமாரி இசைத்தட்டில் பாடிய அந்தப் பாசுரங்கள் எத்தனையோ இல்லங்களுக்கு அவ்வாறுதான் சென்றன. அதற்கு நன்றி சொல்லவேண்டும். ஆனால் ஊர் எல்லைவரை சென்றது எது? ஒலி சென்றது, சொல் சென்றதா? இந்த வினாவே இவ்வுரையின் பொருள். இதற்கு விடை தேடியவர்களுள், தம் வீட்டு அறையிலேயே பெருக்கியையும் ஒலிப்பெட்டியையும் தம் கையாலேயே செய்துகொண்டவர்கள் குறிப்பிடத்தக்கவர்கள். இலக்கியவாதிகள் அவர்களிடம் கற்கத்தக்கது ஒன்று உண்டு.

ஒரு சொல், இரு பொருள்

தமிழில் 'ஒலிபெருக்கி' என்ற சொல் இரண்டு கருவிகளைக் குறித்து நிற்கிறது. மின்குறியைப் பெருக்கும் ஆம்ப்ளிஃபயரும் ஒலிபெருக்கி. அக்குறியை ஒலியாக்கும் ஸ்பீக்கரும் ஒலிபெருக்கி. பின்னது எதையும் பெருக்குவதில்லை. அது பேசுகிறது, அவ்வளவே. பெயர் ஒன்றாக இருப்பதாலோ என்னவோ, பெருக்குவதே பேசுவது என்னும் மயக்கமும் உடன் வளர்ந்துவிட்டது. ஈண்டு முன்னதைப் பெருக்கி என்றும், பின்னதை ஒலிப்பெட்டி என்றும் வழங்குவது தெளிவு தரும்.

இக்கலை தமிழ்நாட்டிற்குப் புதிதன்று. 1924-ஆம் ஆண்டு மே 16-ஆம் நாள் சென்னையில் சி. வி. கிருஷ்ணசாமி செட்டியாரின் முயற்சியால் 'மெட்ராஸ் பிரசிடென்சி ரேடியோ கிளப்' தோன்றியது. அவ்வாண்டு ஜூலை 31-ஆம் நாள் அது ஒலிபரப்பைத் தொடங்கியது. அரசு நடத்திய நிலையமன்று அது, ஆர்வலர்களின் கூட்டம். பணமின்றி 1927-இல் நின்றுபோன அந்த ஒலிபரப்பைச் சென்னை மாநகராட்சி ஏற்று 1930-இல் மீண்டும் தொடங்கியது. கோவையில் ஜி. டி. நாயுடு அவர்கள், ஐந்து வால்வு வானொலிப் பெட்டியை 70 ரூபாயில் உருவாக்க முடியும் என்று 1941-இல் அறிவித்தார். பெங்களூரின் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனம் 1961 முதல் வானொலி வால்வுகளை இந்தியாவிலேயே செய்யத் தொடங்கியது. 1963-இல் திருநெல்வேலி வானொலி நிலையம் எழுந்தபோது, தென்மாவட்ட இல்லங்களில் ஒளிர்ந்துகொண்டிருந்தவை வால்வுப் பெட்டிகளே. அவற்றைப் பழுதுபார்க்கக் கற்றவன் அடுத்த அடியாகத் தானே ஒன்றைச் செய்ய முனைந்தது இயல்பு.

மடையும் வால்வும்

வால்வு என்பது காற்று நீக்கிய கண்ணாடிக் குமிழ். அதனுள் சூடேறிய உலோகக் குழலிலிருந்து எலெக்ட்ரான்கள் வெளிப்பட்டு, எதிரே உள்ள தகட்டை நோக்கிப் பாய்கின்றன. இடையில் ஒரு கம்பிவலை. அவ்வலைக்கு ஊட்டப்படும் சிறு மின்குறி அப்பெரும் பாய்ச்சலை மிகுவிக்கிறது, குறைக்கிறது. கண்மாய்ப் பாசனம் அறிந்த இந்த மாவட்டத்தார்க்கு இதை விளக்குவது எளிது. மடையின் அடைப்பை ஒரு கை சிறிதே உயர்த்துகிறது. ஒரு வயற்பரப்பே நனைகிறது. கை நீரைப் படைக்கவில்லை; நீரின் போக்கை வகுத்தது. வலையும் அவ்வாறே.

தொல்காப்பியர் பிறப்பியலில், கொப்பூழடியிலிருந்து எழும் காற்று தலை, மிடறு, நெஞ்சு ஆகிய இடங்களில் நின்று, பல், இதழ், நா, மூக்கு, அண்ணம் ஆகியவற்றோடு பொருந்தி எழுத்தொலியாகிறது என்றார். காற்று பேராற்றல், நாவின் அசைவு சிற்றசைவு. சிற்றசைவே பேராற்றலைச் சொல்லாக்குகிறது. வால்வுப் பெருக்கியின் இலக்கணமும் இதுவே.

வீட்டில் முதன்முதலாகச் செய்யத்தக்க பெருக்கிக்கு இரண்டு வகை வால்வுகள் போதும்: முன்னிலையில் இசிசி 83, இறுதியில் இஎல் 84. அதன் திறன் 5 வாட் அளவே. நூற்றுக்கணக்கான வாட் என்று விளம்பரம் செய்யப்படும் இக்காலத்தில் இது நகைப்பிற்கு உரியதாகத் தோன்றலாம். கணக்கு வேறு சொல்கிறது. ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தொலைவில் 90 டெசிபெல் ஒலி தரும் ஒலிப்பெட்டி அரியதன்று. இருவர் உரையாடும் அளவு ஏறத்தாழ 60 டெசிபெல். அதனினும் சற்று உயர்ந்த 70 டெசிபெல்லில் இசை கேட்க, ஒரு வாட்டில் நூற்றில் ஒரு பங்கு போதும். இசையின் திடீர் எழுச்சிகளுக்கு இடம் விட்டாலும் ஐந்து வாட் மிகுதியே. ஓர் அறைக்கு வேண்டியதை அளந்தறிந்தவனுக்கு மிகையின் மீது மயக்கம் ஏற்படுவதில்லை.

இப்பெருக்கியின் உயிர்நிலை அதன் இறுதி மின்மாற்றி. வால்வு தன் எதிரே 5000 ஓம் சுமையை வேண்டுகிறது. ஒலிப்பெட்டியோ 8 ஓம். இவ்விரண்டையும் இணங்கச் செய்யும் சுற்று விகிதம், 5000-ஐ 8-ஆல் வகுத்து வருவதன் வர்க்கமூலம், அதாவது 25. முதற்சுருளில் 2500 சுற்று என்றால் இரண்டாம் சுருளில் 100 சுற்று. மோட்டார்களுக்குக் காயில் கட்டும் வைண்டிங் கடைகள் ஆலையூர்களில் இல்லாமல் இரா. அக்கைகளுக்கு இக்கலை அயலன்று. எனினும் மோட்டாருக்குக் கட்டுவது போலவே இதைக் கட்டினால் உச்ச ஒலிகள் மங்கிவிடும். இரு சுருள்களையும் பகுதி பகுதியாகப் பிரித்து, ஒன்றன்மேல் ஒன்றாக மாற்றி மாற்றிச் சுற்றவேண்டும். ஒற்றை வால்வு வழியே நேர்மின்னோட்டம் இடையறாது செல்வதால், இரும்புத் தகடுகளின் இடையே ஒரு தாளளவு இடைவெளியும் விடவேண்டும். அவ்விடைவெளி இன்றேல் இரும்பு காந்தத்தால் நிறைந்து தாழ்ந்த ஒலிகள் சிதையும். ஒன்றுமில்லாத இடமே பொருளைக் காக்கிறது என்பதைக் கவிஞர்களுக்குச் சொல்லவேண்டியதில்லை.

பற்றவைக்கும் பணியும் எளிதன்று. ஈயம் இரு கம்பிகளின்மேலும் ஓடிப் படரவேண்டும். மேலே உருண்டு நின்றால் போதாது. கண்ணுக்கு ஒட்டியதாகத் தோன்றி, காதுக்குக் கரகரக்கும் இணைப்புகள் பல உண்டு. யாப்பிலக்கணம் கற்றோர்க்கு நேரிசை வெண்பாவின் 'ஆசு' நினைவுக்கு வரும். முதற்குறளின் இறுதிச்சீரும் தனிச்சொல்லும் பொருந்தாவிடத்து, இடையே ஓரசையோ ஈரசையோ இட்டு இணைப்பர். பொற்கொல்லன் பொன்னைப் பற்றவைக்கும் பற்றாசு போன்றது என்பதால் அதற்கு அப்பெயர் என்று உரையாசிரியர்கள் விளக்கினர். ஆசு தெரியாமல் இணைப்பவன் நல்ல புலவன். கரகரப்பின்றி இணைப்பவன் நல்ல கைவினைஞன்.

ஓர் எச்சரிக்கையை இங்கே சொல்லியாக வேண்டும். வால்வுக் கருவிகளில் 250 முதல் 300 வோல்ட் வரை நேர்மின்னழுத்தம் உண்டு. மின்சாரத்தை நிறுத்திய பிறகும் கண்டென்சர்களில் அது தங்கியிருக்கும். தொட்டால் உயிரைப் பறிக்கவும் கூடும். சேமிப்பை வடிக்க ஒரு மின்தடையை நிலையாகப் பொருத்துதல், நிறுத்தியபின் ஒரு நிமிடமாவது பொறுத்தல், மீட்டரால் அளந்து சுழியெனக் கண்ட பின்னரே கைவைத்தல், உயிருள்ள சுற்றை அளக்கும்போது ஒரு கையைப் பின்னால் மடக்கிக்கொள்ளுதல் ஆகியவை இத்தொழிலின் மாறாத விதிகள். தெரிந்தவர் ஒருவர் அருகிருக்கத் தொடங்குவதே அறிவுடைமை.

பாடும் குடமும் பாடாப் பெட்டியும்

வீணைக்குப் பலாமரம் தேர்ந்தெடுக்கப்படுவது அது உடன் அதிர்ந்து பாடும் என்பதற்காக. மானாமதுரைக் கடத்தின் பெருமையும் அதன் மண் பேசுவதில்தான் உள்ளது. ஒலிப்பெட்டியின் அறம் இதற்கு நேர்மாறானது. அது பாடவே கூடாது. பாடுபவர் குரலோடு பெட்டியின் பலகையும் குரல் கொடுத்தால், கேட்பவர் செவிக்கு எட்டுவது பலகையின் குரலே. ஆகையால் 18 மில்லிமீட்டர் பருமனுள்ள ஒட்டுப்பலகை, உள்ளே குறுக்குச் சட்டங்கள், இடைவெளியின்றிப் பசையிட்ட மூட்டுகள் வேண்டும். விரல் முட்டியால் தட்டினால் 'டொக்' என்று செத்த ஒலி எழவேண்டும். 'டம்' என்று எழுந்தால் இன்னும் வேலை இருக்கிறது.

பெட்டி எதற்கு? ஒலிப்பானின் தாள்கூம்பு முன்னே தள்ளும்போது பின்னே இழுக்கிறது. முன்னெழும் அலையும் பின்னெழும் அலையும் சந்தித்தால் தாழ்ந்த ஒலிகள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். பின்னலையை அடைத்து வைப்பது ஒரு வகை. ஒரு குழல்வாய் வைத்து, அதைப் பயன்கொள்வது மற்றொரு வகை. பானையின் வாயில் ஊதினால் ஒரே ஒரு சுரம் எழுவதைச் சிறுவர்களும் அறிவர். பெட்டியின் கொள்ளளவும் குழல்வாயின் அளவும் அச்சுரத்தை முடிவு செய்கின்றன. உள்ளளவு 25, 30, 40 சென்டிமீட்டர் கொண்ட பெட்டி 30 லிட்டர் கொள்ளும். அதில் 7 சென்டிமீட்டர் விட்டமும் 12 சென்டிமீட்டர் நீளமும் உள்ள குழல்வாய் அமைத்தால், வினாடிக்கு ஏறத்தாழ 47 அதிர்வுள்ள சுரம் பிறக்கும். ஒலிப்பானின் இயல்புக்கு அச்சுரம் பொருந்தினால் மிருதங்கத்தின் தொப்பி ஒலி தாழ்ந்து முழங்கும்; பொருந்தாவிடில் எல்லாப் பாட்டிலும் ஒரே உறுமல் கேட்கும்.

தமிழ்நாட்டுத் தேநீர்க் கடைகளிலும் முடிதிருத்தகங்களிலும் மண்பானையின் வாயில் ஸ்பீக்கரைப் பொருத்தி வைத்திருந்த காட்சி பலர்க்கு நினைவிருக்கும். அதை ஏழ்மையின் அடையாளம் என்று எண்ணியவர் உண்டு. ஒலியியல் நோக்கில் அது நுட்பமான தேர்வு. பானைக்கு எதிரெதிர்ச் சுவர்கள் இல்லை; ஆகவே இரு சுவர்களிடையே அலை நின்று சுழலும் குற்றம் குறைவு. வளைந்த சுட்ட மண், தட்டைப் பலகையைப்போல் எளிதில் வளைந்து அதிர்வதில்லை. பலகைப் பெட்டியில் அக்குற்றத்தைப் போக்கப் பஞ்சு அடைக்கவேண்டும். சத்திரப்பட்டியில் மருத்துவக் கட்டுத்துணி நெய்யும் இவ்வட்டாரத்தில் பஞ்சுக்குப் பஞ்சமில்லை. அதைத் துணியில் பொதிந்து வைத்தால் நூல் பிரிந்து ஒலிப்பானில் சிக்காது.

இவ்வளவு அளவும் கணக்கும் கலைக்கு எதற்கு என்று கேட்பவர்க்குச் சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை விடை தரும். மாதவி ஆடிய அரங்கின் அகலம் ஏழு கோல், நீளம் எட்டு கோல், உயரம் ஒரு கோல் என்று இளங்கோவடிகள் அளந்தே சொன்னார்; அக்கோலின் அளவையும் சொன்னார். விபுலாநந்த அடிகளின் 'யாழ் நூல்' 1947-ஆம் ஆண்டு வெளிவந்தது. மறைந்த யாழை அடிகள் மீட்க முனைந்தது சுரங்களின் அதிர்வெண் கணக்கைக் கொண்டே. அதே 1947-இல் இங்கிலாந்தின் 'ஒயர்லெஸ் வேர்ல்ட்' இதழில் டி. டி. என். வில்லியம்சன் என்பார் 15 வாட் வால்வுப் பெருக்கியின் வரைபடத்தை வெளியிட்டார். உலகின் பல நாடுகளில் ஆர்வலர்கள் அதைப் பார்த்து வீட்டில் செய்தனர். ஓரிடத்தில் நரம்புக் கருவிக்கும் ஓரிடத்தில் மின்கருவிக்கும், செவியின் நுகர்ச்சி எண்ணாக எழுதப்பட்ட ஆண்டு அது.

குரல் கேட்கிறது, சொல் கேட்கவில்லை

செய்து முடித்த கருவியை எதைக்கொண்டு சோதிப்பது? பலர் முழவோசையைக் கொண்டு சோதிப்பர்; அது நெஞ்சை அதிர வைத்தால் மகிழ்வர். தமிழ் கற்றவர்க்கு வேறொரு உரைகல் உண்டு. தெளிவாகப் பேசும் ஒருவரின் பதிவை ஒலிக்கச் செய்து, 'வாலை', 'வாளை', 'வாழை' ஆகிய மூன்றும் முகம் காணாமலே வேறுபட்டுக் கேட்கின்றனவா என்று நோக்கவேண்டும். உயிரொலிகளின் வலிமை பெரும்பாலும் தாழ்ந்த அதிர்வுகளில் உள்ளது. மெய்களை வேறுபடுத்திக் காட்டும் நுண்குறிகளோ வினாடிக்கு 2000 முதல் 4000 வரையிலான அதிர்வுகளிலும் அவற்றின் மேலும் மிகுதியாக உள்ளன. உயிர் குரலைத் தருகிறது. மெய் சொல்லைத் தருகிறது எனலாம்.

இதைப் பொழுதுபோக்கு என்று ஒதுக்க இயலாத இடம் இங்கேதான் வருகிறது. 85 டெசிபெல்லுக்கு மேற்பட்ட இரைச்சலில் நாள்தோறும் எட்டு மணிநேரம், ஆண்டுக்கணக்கில் நிற்பவரின் செவி பழுதுறும் என்பது மருத்துவ உலகம் ஒப்பிய உண்மை. தறிக்கூடங்களில் அவ்வெல்லையை மீறிய இரைச்சல் இருந்து வந்தது. அப்பழுது முதலில் தாக்குவது எந்த அதிர்வை? வினாடிக்கு 4000 என்ற அளவை ஒட்டிய பகுதியையே. அதாவது ஆலையில் உழைத்த செவி முதலில் இழப்பது மெய்யெழுத்துகளை! அத்தகைய முதியவர் வீட்டிலுள்ளோரிடம், 'நீ பேசுவது கேட்கிறது. என்ன சொல்கிறாய் என்பது விளங்கவில்லை' என்று சொன்னால் அது பிடிவாதமன்று. நோயின் துல்லியமான விவரிப்பு. அவரிடம் உரக்கக் கத்தினால் உயிரொலிதான் பெருகும், மெய் தெளியாது.

கூம்பு ஒலிபெருக்கி செய்வதும் அதுவே. அது தாழ்ந்த ஒலிகளைத் தராது. உச்ச ஒலிகளையும் முழுமையாகத் தராது. இடைப்பகுதியை மட்டும் பெருஞ்செறிவோடு தொலைவுக்கு எறியும். பெருக்கியின் அளவை எல்லைமீறித் திருகினால் அவ்விடைப்பகுதியும் சிதையும். சுவர்களில் மோதித் திரும்பும் எதிரொலி எஞ்சிய மெய்களையும் மூடிவிடும். இரைச்சலில் பகலெல்லாம் நின்ற செவிக்கு விடியலிலும் இரைச்சலே கிடைக்கிறது. 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55, இரவில் 45 டெசிபெல் என்று எல்லை வகுத்தன. இரவு 10 மணி முதல் காலை 6 மணிவரை திறந்த வெளியில் ஒலிபெருக்கியைத் தடுத்தன. சட்டம் அமைதியைக் காக்கலாம்; தெளிவை மனிதர்தாம் கற்கவேண்டும்.

ஒரு மறுப்பும் அதன் விடையும்

இவ்விடத்தில் ஒரு மறுப்பு எழுவது நியாயமே. இன்று சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் சிறு சில்லுப் பலகை, அளவுக் கருவியில் வைத்துப் பார்த்தால், வால்வுப் பெருக்கியைவிடச் சிதைவு குறைந்தது. வால்வின் 'இனிமை' என்று போற்றப்படுவதில் ஒரு பகுதி, அது தானே சேர்க்கும் மேல்ஸ்தாயி ஒலி, மூலத்தில் இல்லாதது. ரஷ்யாவிலும் ஸ்லோவாக்கியாவிலும் சீனத்திலும் இன்றும் வால்வுகள் செய்யப்படுகின்றன என்றாலும், விலை குறைவன்று. அவ்வாறிருக்க ஏன் இந்த உழைப்பு?

இம்மறுப்பை முழுவதும் ஏற்றுக்கொள்வதே நேர்மை. சென்னை ரிச்சி தெருவில் கிடைக்கும் சில்லுப் பலகையைக் கொண்டு ஒருவர் தொடங்கினாலும் குறைவில்லை; மின் ஆபத்தும் குறைவு. பழமை என்பதால் மட்டும் ஒன்று போற்றத்தக்கதாகிவிடாது. பயன் கருவியில் இல்லை. செய்தவனின் செவியில் இருக்கிறது. பெட்டியைத் தானே அறுத்து, ஒட்டி, தட்டிப் பார்த்து, பஞ்சைச் சற்று எடுத்து, மீண்டும் கேட்டவனுக்குப் பாடுபவரின் குரல் எது, பலகையின் குரல் எது, அறையின் குரல் எது என்று பிரித்தறியும் ஆற்றல் வந்துவிடுகிறது. மூடி முத்திரையிட்ட கருவியை வாங்கியவனுக்கு அவை மூன்றும் ஒன்றே. கவிதைத் திறனாய்வும் இதே பிரித்தறிதல்தான். கவிஞனின் குரல் எது, அவன் காலத்தின் எதிரொலி எது, பாவடிவத்தின் அதிர்வு எது என்று அறிய வல்லவனையே நல்ல வாசகன் என்கிறோம்.

பத்தாண்டு நிறைவுற்ற ஓர் இலக்கிய வட்டம் இதிலிருந்து செய்யத்தக்கது சிறிய செயலே. கவியரங்கில் கூம்புகள் வேண்டா. முப்பது பேர் அமரும் அறைக்கு, அமர்ந்தவர் செவியின் உயரத்தில், இரண்டு சிறு பெட்டிகள் போதும். உறுப்பினர்களே அவற்றைச் செய்யலாம். ஆலையிலும் மரவேலையிலும் வைண்டிங் கடையிலும் கைதேர்ந்தவர்கள் இவ்விரு ஊர்களிலும் உள்ளனர். கூட்டம் தொடங்குமுன் 'ஒன்று, இரண்டு, மூன்று' என்று ஒலிவாங்கியைத் தட்டிச் சோதிக்கும் வழக்கத்தை விட்டு, 'வாலை, வாளை, வாழை' என்று சொல்லிப் பார்க்கலாம். பின்வரிசையில் அமர்ந்திருக்கும் ஓய்வுபெற்ற ஆலைத் தொழிலாளி ஒருவர் மூன்றையும் பிரித்துச் சொன்னால், கவிதையைத் தொடங்கலாம். அவர் சொல்லாவிடில் ஒலியைக் கூட்டவேண்டா. பெட்டியை அவர் அருகே நகர்த்தி வைக்கவேண்டும்.